கடைவாய்

வேர் சிகிச்சையின்போது நோயாளியின் வாய்மேல்
பச்சை ரப்பர் தாள் ஒன்றை விரிப்போம்,
ஒற்றைப் பல் மட்டும் துளைவழியே எட்டிப் பார்க்கும்.
கத்தரித்த ஓரங்கள் எனக்கு.
குப்பைக்குத்தானே போகிறது.
டாக்டர் ஸிக்முந்திடம் நான் கேட்டதில்லை, அவர் பார்த்ததுமில்லை
என்றே நினைத்திருந்தேன்.

லெஸ்கோவில் மார்ச் தொடக்கத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
சமையல் மேசையில் விளக்கைத் தாழ்த்தி
பன்னிரண்டாம் எண் தூண்டில் முள்ளை இடுக்கியில் பூட்டுவேன்.
கூன் விழுந்த முள், எதிர்ச்செதில் நசுக்கியது.
முதலில் ஈயக் கம்பி, எட்டுச் சுற்று:
அடியில் போகாத கேடிஸ் புழுவை எந்த ட்ரவுட் நம்பும்?
பிறகு ரப்பர், இரண்டு மில்லிமீட்டர் அகலம்.
வாலில் இறுக்கி, தலைப்பக்கம் போகப்போகத் தளர்த்தினால்
தானாகக் கொழுக்கும் உடம்பு.
வளையத்துக்கு வளையம் செம்புக் கம்பி.
கால்களுக்குக் கவுதாரி இறகு, மூன்றே இழை.
தலைக்கு முயல் காது மயிர், மெழுகு நூலில் உருட்டியது.
புதினா வாசம்தான் போகவே இல்லை.
நோயாளிகளுக்காகக் கம்பெனிக்காரன் சேர்த்த வாசம்.
மீன் என்ன சொல்லுமோ.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு. பனிக் கலங்கல் தெளிந்து
சான் ஆறு பாட்டில் பச்சைக்கு வந்திருந்தது.
ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் குடித்தனங்கள்:
மணலை எச்சில்நூலால் ஒட்டிக் குழாய் கட்டியவை சில,
வீடே வேண்டாமென்று அம்மணமாய் ஊர்பவை சில.
என் பெட்டியில் இருப்பது வீடில்லாத வகை.
கல்லை இருந்த மாதிரியே வைத்தேன்.

தொடையளவு நீர். தூர எறிய வேண்டியதில்லை,
கோலின் நீளமும் ஒரு கை நீளமும் போதும்.
மேல்நீரில் இட்டு, நுனியைத் தூக்கிக் கூடவே வரவேண்டும்,
சந்தை நெரிசலில் யாரையோ பின்தொடர்வது போல,
முந்தாமல், இழுக்காமல்.
ஈயம் கல்லைத் தட்டும். டக். டக்.
நாற்பது தரமும் கல்.
நாற்பத்தொன்றில் நூல் நின்றது. அவ்வளவுதான், நின்றது.
தூக்கினேன்.

கல் தலையை உதறியது.

வலைக்குள், நீரைவிட்டு எடுக்காமல், வாயைத் திறந்தேன்.
நாள் முழுக்க வாய் பார்ப்பவள் நான்;
நாக்கிலும் பல் முளைத்த வாய் இங்கே மட்டும்தான்.
மேலுதட்டில் என் புழு, சுத்தமாய்.
கடைவாயில், வீங்கிய சதைக்குள், இன்னொன்று.
துருவேறிய முள். அறுந்த நூல் ஒரு விரற்கடை.
மயக்க ஊசி இல்லை.
"கொஞ்சம்தான் வலிக்கும்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு
வளைந்த இடுக்கியால் ஒரு திருகு.
செவுள் அடங்கும்வரை என் உள்ளங்கையில் நின்றது,
பிறகு புள்ளிகளோடு கூழாங்கல்லாகிப் போனது.

மிஞ்சியதைக் கழுவினேன். ரப்பர். அதே பச்சை.
முகர்ந்தேன். புதினா இல்லை, ஆறு.
ஆனால் அந்தக் கடைசி முடிச்சு,
மூன்று சுற்று, இடக்கை வழக்கம்,
அதை நான் தினமும் பார்க்கிறேன்
தையல் போட்ட ஈறுகளில்.

திங்கட்கிழமை கருவித் தட்டில்
கண்ணாடி, துழாவி, பஞ்சு. பக்கத்தில் அதையும் வைத்தேன்.
துழாவியால் புரட்டினார். விளக்கை இழுத்தார். காது சிவந்தது.
"பாலத்துக்குக் கீழேயா?"
"மேலே. சாய்ந்த ஆல்டர் மரத்தடி."
"எவ்வளவு பெரிசு?"
கையுறைக் கைகளை விரித்தேன்,
கொஞ்சம் கூடுதலாகவே.
நாற்காலியில் வாய் பிளந்து கிடந்த வனக்காவலர் ஓல்கியெர்ட்
பச்சைத் தாளுக்கடியிலிருந்து ஏதோ சொல்லப் பார்த்தார்.
"அசையாதீர்கள்" என்றார் டாக்டர்.
தாளின் ஓரத்தைக் கத்தரித்தார்,
இரண்டாக்கி
ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார்.