மாறும் செலவு

ஐந்தே காலுக்குக் கம்பத்தில் ஜீப் ஏறினால்
மெட்டு வரும்வரை வளைவுக்கு ஒரு பக்கம்.
பதினாறு பேர் மூச்சில் பனித்த கண்ணாடி,
கைபேசி வெளிச்சத்தில் வணிகவியல்,
இரண்டாம் ஆண்டு, செலவுக் கணக்கியல்.

"வாந்தி வரும்டி, மூடு அதை" என்பாள் சிலம்பாயி.
வரத்தான் செய்தது.
ஏழாவது வளைவில் தேய்மானம், பதினொன்றில் வாந்தி.
ஒச்சப்பன் வண்டியை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் செக்போஸ்டில் பத்து ஜீப்புக்குப் பின்னால் நிற்கணும்.

அந்தப் பக்கம் இறங்கியதும்
போன் மலையாளத்தில் வரவேற்கும்.
வகுப்புக் காணொளி பாதியில் உறையும்.
பேராசிரியர் வாய் திறந்தபடி
சாயங்காலம்வரை என் தூக்குச்சட்டிப் பையில் கிடப்பார்.

சரம் மண்ணோடு கிடக்கும். குந்தியே நகரணும்.
பழுத்ததை மட்டும் எடுக்கணும்.
அட்டை ஏறினால் உப்பு.
நிரைக்கு நிரை எட்டிப் பார்க்கும் ஜோயிச்சனிடம்
பரீட்சைக்கு லீவு கேட்டேன்.
"ஆர்க்கு? மோள்க்கோ?"
"எனக்கு."
அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லணும்.
"எடுப்பு சமயமாணு" என்றார். அவ்வளவுதான்.

ஏலக்காய்க்கு ஏது ஞாயிறு?
மூன்று தாள், மூன்று கூலி,
முன்பணம் வாங்கிக் கட்டிய தேர்வுக் கட்டணம்,
உத்தமபாளையத்துக்குப் பஸ்.
கூட்டிப் பார்த்தால் போகாதே என்றது கணக்கு.
போனேன்.

எனக்கு முன்னால் ஒரு தீயணைப்புக்காரர்.
பின்னால், குழந்தையை வாசலில் புருஷனிடம் விட்டு வந்தவள்
அது அழும்போதெல்லாம் பேனாவை மூடினாள்.
மேற்பார்வை மேடம் என் மேசையில் நின்றார்:
"கையைக் காட்டு. என்ன எழுதியிருக்க?"
விரல் பத்தும் கறுப்பு.
"காய்க் கறை மேடம். சோப்புக்குப் போகாது."
நம்பவில்லை. குனிந்தார். மோந்தார்.
யாரோ பாயசம் இறக்கி வைத்ததுபோல
நாலு பேர் திரும்பினார்கள்.
"எழுதும்மா."

பதினான்காம் கேள்வி:
நிலைச் செலவு, மாறும் செலவு வேறுபடுத்துக.
தக்க எடுத்துக்காட்டுத் தருக.

நிலைச் செலவு: நிலம், வரி, காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவர்.
காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் நிற்பவை.
மாறும் செலவு: உரம், மருந்து, விறகு,
என்று கமா போட்டு
கொஞ்ச நேரம் பேனா நின்றது.
பிறகு எழுதினேன்: ஆள்.
வேண்டும்போது கூட்டலாம், விலை இறங்கினால் குறைக்கலாம்.
ஸ்கேல் வைத்து அடிக்கோடு இட்டேன்.

முழு மார்க் வரும் அதற்கு. சரியான விடை.

திங்கள், ஐந்தே கால்.
துண்டு விரித்து இடம் பிடித்திருந்தாள் சிலம்பாயி.
"என்னடி கேட்டான்?"
"நம்மளத்தான் கேட்டான்."
"நம்மளையா? நீ என்ன எழுதுன?"
வண்டி முதல் வளைவில் சாய்ந்தது,
மொத்த ஜீப்பும் அவள்மேல் விழுந்தது.
நிமிர்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே
வேறொன்று கேட்டாள்:
"தெனமும் முணுமுணுப்பியே, தேய்மானம் தேய்மானம்னு.
அது என்னது?"

மூன்றாவது வளைவுவரை யோசித்தேன்.