சதுர அடிக்கு எத்தனை

முதலில் சொன்னது மைனா.
ஏழாவது குழிக்கு முந்திய சரிவில்
நாற்பது ஐம்பது இருக்கும், விடியுமுன்னே,
தலையைச் சாய்த்துத் தரையைக் கேட்டு
ஒரே குத்து.
நானும் டெல்வாரும் வண்டியை நிறுத்தினோம்.
"நல்ல பசி" என்றான்.
நல்ல விருந்து என்றேன்.

புல் பச்சையாகத்தான் இருந்தது, அதுதான் மோசம்.
ஓரத்தை இரு கையாலும் பற்றி இழுத்தேன்.
பாய் சுருட்டுவதுபோல் வந்துவிட்டது,
வேர் என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லாமல்.
அடியில் ஈரமண்ணில்
வெளிச்சம் பட்டதும் இன்னும் கொஞ்சம்
சுருண்டுகொண்டன:
பால்வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை,
வாலில் மட்டும் தின்ற மண்ணின் கறுப்பு.
யாரோ எழுதி முடிக்காத வாக்கியத்திலிருந்து
உதிர்ந்த காற்புள்ளிகள்.

ஓரடிக்கு ஓரடி கத்தியால் வெட்டி,
புரட்டி, எண்ண வேண்டும்.
இருபத்திரண்டு வருடமாக இதற்குத்தான் சம்பளம்.
இந்தத் தீவில் எல்லாரும்
சதுர அடிக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.
செங்காங்கில் வீடு பார்க்கப் போன என் மைத்துனனும்
செருப்பைக் கழற்றுமுன் அதைத்தான் கேட்டான்.
என் கேள்வியும் அதுவே.
மூன்று என்றால் விட்டுவிடலாம், புல் தாங்கும்.
ஆறு என்றால் தண்ணீர் விட்டுக் காத்திருக்கலாம்.
இன்று பதினொன்று.
டெல்வார் எண்ணியபோது பதின்மூன்று வந்தது.
பதினொன்று என்றே எழுதினேன்,
இரண்டு பேரைக் கணக்கில் காட்டாமல்
குடிவைத்துக்கொண்டதுபோல்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது.
கொட்டகையில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து
இந்த மாதம் வெட்டிய இடங்களுக்கெல்லாம்
சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தேன்.
வைக்க வைக்க
அவை வட்டங்களாயின.
வட்டத்துக்கு ஒன்றாக, நடுவில்,
விளக்குக் கம்பம்.

போன வருடம் நட்டவை.
பகல் வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள்
இரவு பதினொரு மணிவரை ஆடுவதற்காக.
மழை விட்ட இரவுகளில்
மண்டாய்க் காட்டு மரங்களை விட்டு
அந்த வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன வண்டுகள்.
கம்பத்தில் மோதி, புல்லில் விழுந்து,
விழுந்த இடத்தையே பிரசவ அறையாக்கிவிட்டன.
அழைப்பிதழ் நாங்கள் அனுப்பியது.

குவெக் அம்மையார் வரைபடத்தை
வெகுநேரம் பார்த்தார். நல்லவர், காது கொடுப்பார்.
"ஆறு வாரம் விளக்கை அணைத்தால்?" என்றேன்.
இரவு ஆட்டத்தின் வருமானம் என்ன தெரியுமா என்றார்.
தெரியும்.
சனிக்கிழமை போட்டி. திங்கட்கிழமை மருந்து.
கையுறை, முகமூடி, மஞ்சள் கொடி,
நான்கு மொழியிலும் "நுழையாதீர்".
மைனாவுக்கு எந்த மொழி என்று
டெல்வார் கேட்டான்.
கிண்டலாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்றிரவு சுவா சூ காங், பன்னிரண்டாவது மாடி.
சட்டையைக் கழற்றும்போது
காலர் மடிப்பிலிருந்து ஒன்று விழுந்தது.
புளியங்கொட்டை நிறம், புளியங்கொட்டைப் பளபளப்பு.
மல்லாந்து உதைத்துப் புரண்டு எழுந்து
நேரே போய் ஹால் டியூப்லைட்டில்
டங்கென்று மோதியது.
கோகிலவாணி விளக்குமாற்றோடு வந்தாள்.
"வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு
சொன்னேனா இல்லையா?"

விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தேன்.
இருட்டில் அந்த இரைச்சல்
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
இரண்டு பேரும் தலையைச் சாய்த்துக்
கேட்டுக்கொண்டு நின்றோம்.
எதிர் பிளாக்கில் மாடிக்கு மாடி
தாழ்வார விளக்குகள்.
அதன் கீழே, நேற்றுத்தான் யாரோ
ஒட்ட வெட்டிவிட்டுப் போன புல்.

"போயிடுச்சா?"
"போயிடுச்சு."
எங்கே என்று அவள் கேட்கவில்லை.