எண்ணூற்று இருபது

லாஸ்பேட்டை, மாலை நாலேகால்.
மழை விட்டு ஓடுதளம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
எங்களிடம் எரிபொருள் லாரி இல்லை.
திரும்பிப் போவதற்கும் சேர்த்து
ஹைதராபாத்திலேயே நிரப்பிக்கொண்டு வரும் விமானம்,
கட்டுச்சோற்றோடு வரும் விருந்தாளி மாதிரி.

இடது தொட்டி 820.
வலது தொட்டி 820.
கிலோ கணக்கில்.
திரையில் அத்தனை ஒழுங்காய் நின்றன
இரண்டு எண்களும்.

படியிறங்கிய கேப்டன் வசுந்தரா
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:
"லூசியன், வண்டி வலப்பக்கமே சாயப் பார்க்குது.
நெல்லூர் தாண்டினதிலிருந்து
இடப்பக்கம் திருப்பியே பிடிச்சிட்டு வரேன்."
கை சொன்னதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்.
ஏற்றியது, எரித்தது, மிச்சம்.
ஒரு கிலோ பிசகவில்லை.
திரைக்கும் தாளுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

ஏணியைத் தேடிப் போகும்போதுதான் உறைத்தது:
கணக்கு தொடங்கியதே
காலையில் இதே திரை சொன்ன எண்ணில்.
ஒருவன் சொல்ல இன்னொருவன் எழுதிய சாட்சி.
ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

இறக்கையின் அடிவயிற்றில் ஒரு திருகு.
கால் சுற்று சுற்றினால்
அளவுகோல் வழுக்கி வரும்,
உள்ளே மிதவையின் காந்தம் பிடித்த இடத்தில் நிற்கும்.
அதற்கு மின்சாரம் வேண்டாம், திரை வேண்டாம்,
அண்ணாந்து பார்க்கும் கழுத்து ஒன்று போதும்.

வலப்பக்கம், நிற்க வேண்டிய கோட்டில் நின்றது.
இடப்பக்கம்
இறங்கியது.
இன்னும் கொஞ்சம்
இறங்கியது.

தளத்தின் சாய்வைக் கழித்து
அட்டவணையில் விரல் வைத்துத் தேடினேன்.
அறுநூற்று நாற்பது.
மறுபடி இழுத்தேன்.
அறுநூற்று நாற்பதேதான்.

வடிகாலைத் திறந்து ஜாடியில் பிடித்தபோது
தெளிந்த எரிபொருளுக்கு அடியில்
புளியங்கொட்டை அளவு தண்ணீர்
உருண்டு உட்கார்ந்திருந்தது, எதுவும் நடக்காதது போல.
உணரிக் குழாயைத் தொட்டுக்கொண்டு
இல்லாததை இருக்கிறது என்று
எத்தனை நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்ததோ.

"நூத்தியெண்பது கிலோதானே?" என்றார் ஸ்டேஷன் மேனேஜர் தணிகாசலம்.
"திரையில எல்லாம் சரியா இருக்கே."
பதினாறு நிமிடம் சார், என்றேன்.
மேகம் கவிந்த ராத்திரியில்
இறங்க இடம் கேட்டு
நாலு வட்டம்.
ஐந்தாவது வட்டத்துக்கு
திரையில் எண் மட்டும் இருக்கும்.

அவர் கேப்டனைப் பார்த்தார்.
கேப்டன் ஏற்கெனவே பேனாவைத் திறந்திருந்தார்.

ஐம்பத்தெட்டுப் பேர்.
கல்யாணத்துக்குப் போகிறவர், நேர்காணலுக்குப் போகிறவர்.
"காத்துல பறக்கிறதுக்குக் குச்சி வச்சா அளப்பாங்க?"
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கத்தினார்.
நியாயமான கேள்வி.
பதில் சொல்ல எனக்கு வேலை இருந்தது.

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன்.
கருவடிக்குப்பம் திரும்பும்போது
இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது.
முள் பாதியில்.
இரண்டு வருடமாய்ப் பாதியில்தான்.
தினமும் வண்டியை உலுக்கி
சலசலப்பைக் கேட்டுவிட்டுக் கிளம்புவேன்.
இன்று உலுக்கவில்லை.

தள்ளிக்கொண்டு போனேன்.
விமானப் பயணிகளை ஏற்றிய பேருந்து
சென்னைக்குப் போக
என்னைக் கடந்தது, மெதுவாக.
ஜன்னலோரம் அந்தக் கத்தின மனிதர்.
என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்,
வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிக்கட்டும்.
நான் நின்றது தரையில்.