ஆறாவது கடிதம்

கனம் பொருந்திய துரையவர்களுக்கு,
நெய்யூர் பள்ளியிலிருந்து ஹாரியட் எழுதுவது.
கர்த்தர் கிருபையால் சுகம்.
சங்கீதம் நாற்பது வரை மனப்பாடம்.

இதுவரை மதாமை சொல்லச் சொல்ல எழுதினேன்.
மதாமைக்குக் காய்ச்சல். மீதியை
நீயே முடி என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

உங்கள் மகள் ஒன்பது வயதில் போனாளாம்.
வருஷாவருஷம் பணம் கட்டி
அவள் பெயரை எனக்கு வைத்தீர்கள்.
என் அம்மை வாயில் அது நிற்காது,
ஆரியட்டு என்பாள், கோபம் வந்தால் ஆரோட்டு.
முன்பு நான் இசக்கி.
அவளும் செத்தவள்தான், துரையே,
கொன்றவனை விடாமல் ஆலமூட்டில் நிற்பவள்.
ஒரு செத்தவளிடமிருந்து இன்னொருத்திக்கு
ஞானஸ்நானத்தில் மாறினேன்.
தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தது.

அம்மையை வயலோடு சேர்த்து ஓலையில் எழுதியிருந்தது:
எருமை இரண்டு, பெண்ணாள் ஒன்று.
அடிமை இனி இல்லை என்று விளம்பரம் வந்து மூன்று வருஷம்.
அதே வயலில்தான் நாற்று நடுகிறாள்.

நீங்கள் அனுப்பிய ஆலைத்துணியில் தைத்த குப்பாயம்
இரணியல் சந்தையில் தோளோடு கிழிந்தது.
கிழித்தவர்கள் பெயர் தெரியும். எழுதமாட்டேன்.
கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு
உப்புக்கடை வரை ஓடினேன்.
ஐயர் ரெசிடெண்டு துரைக்கு எழுதினார்.
நாட்டு வழக்கத்தில் கைவைப்பதில்லை என்று பதில்.
கப்பம் வாங்குவது எந்த நாட்டு வழக்கம் என்று
மேசையைக் குத்தினார் ஐயர்.
ஞாயிற்றுக்கிழமை அதே கம்பெனிக்காக ஜெபித்தார்.
நானும் ஆமேன் சொன்னேன்.

கிழிசலைத் தைக்கும்போது
நெசவில் சிக்கிய பருத்திக்கொட்டைத் தோல் ஒன்று
விரலில் இடறியது.
பிள்ளைகளுக்கு வரும் மிஷன் தாளில் ஒரு படம்:
குனிந்த பெண்கள், கூடை, குதிரைமேல் சாட்டைக்காரன்.
அமெரிக்காவாம்.
அந்தப் பஞ்சு எங்கே போகும் என்று கேட்டேன்.
மதாமை ஊசியை நிறுத்தினாள்.
லங்காஷயருக்கு என்றாள்.
உங்கள் விலாசத்தில் அந்தச் சொல்லை
ஆறு தடவை எழுதியிருக்கிறேன்.

நான் நன்றி கெட்டவள் அல்ல.
இந்த எழுத்து நீங்கள் போட்ட பிச்சை,
இல்லை, அதை அடித்துவிடுகிறேன்,
நீங்கள் போட்ட விதை.
அதனால் கேட்கிறேன்:
படத்தில் கடைசியாகக் குனிந்திருப்பவளுக்கும்
மேலே துணியில்லை.
அவளுக்கு யாருடைய பெயர் வைத்தார்கள்?

மதாமை இருமும் சத்தம் கேட்கிறது.
வேறொரு தாளும் எழுதி வைத்திருக்கிறேன்,
மழை நன்றாகப் பெய்தது என்று.
குளச்சலுக்குப் போகிற ஆள்
வாசலில் நின்று வெற்றிலை துப்புகிறான்.