பதினேழாவது கல்

சுகிர்தா கணவாய் ஏறுகிறாள்,
கட்டில், அடுப்பு, கழுவாத இரண்டு கோப்பை
எல்லாம் குலுங்கும் வீட்டு வானில்.

"சில்லுக்குச் சங்கிலி பூட்டியிட்டன் அண்ணை.
ரோட்டெது பள்ளமெது எண்டு தெரியேல்லை.
பனிக்கு மேலால தெரியிற கம்புகளை
எண்ணி எண்ணிப் போறன்."

பத்தொன்பது விநாடிக் குரல்.
அதில் பாதி வைப்பர்.

நான் பொன்னாலைத் தாம்போதி வாயில்,
மீன்பெட்டி லொறியோடு.
மூன்று நாள் மழை;
கடல் ரோட்டில் ஏறிக் கிடக்கிறது.

எங்களுக்கு மலை என்றால்
சங்குப்பிட்டிப் பாலத்தின் நடுமுதுகு.
அதற்குக் கியர் குறைத்தால்
கிளீனர் பொடியன் சிரிப்பான்.
இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.
கதவைத் திறந்து தொங்கியபடி
வெள்ளையடித்த கற்களை எண்ணுகிறான்.

பதினான்கு.
பதினைந்து, கொஞ்சம் சரிந்தது.
பதினாறு.

ஐஸ் உருகிப் பின்னால் ஒழுகுகிறது.
"கம்பை விடாதை" என்று அவளுக்கு அனுப்பினேன்,
ஒற்றைச் சரியோடு நிற்கிறது.

பதினேழாவது கல் இல்லை.
போன மாரியில் போயிருக்கும்.

அந்த இடத்தில் ஒரு கொக்கு,
முழங்கால் நனையாமல்.

"அண்ணை, அதையும் எண்ணவோ?"

எண்ணு.