சராசரிக் காத்திருப்பு

நீர்வேலிச் சந்தி.
காலை ஐந்து ஐம்பது.
ஒரு கொப்பி, ஒரு பேனை,
கண்ணாடி கீறுப்பட்ட கைக்கடிகாரம்.
இதுதான் என் ஆய்வுகூடம்.
கூரை உண்டு. நோட்டீஸ் உரித்த சுவர் உண்டு.
குந்துகிற கட்டில்
நேற்றைய மழை இன்னும் எழும்பிப் போகவில்லை.

தனியாள் ஆய்வு, ஆளுக்கொரு தலைப்பு
என்றா ஸ்ரெல்லா மிஸ்.
நிரோயன் சூரிய அடுப்பு எடுத்தான்,
தமையன் செய்த அடுப்பு, மட்டை மட்டும் புதிது.
டிலானிக்கு டெங்கு.
எனக்குத் தலைப்பும் வரவில்லை
பஸ்சும் வரவில்லை.
இரண்டையும் ஒன்றாக எழுதிக் கொடுத்தேன்.

"இசற் புள்ளிக்கு இது சேராது, பிள்ளை.
மாவட்ட வெட்டுப்புள்ளி பஸ்சில வாறேல்ல"
என்றார் இணைந்த கணித சேர், ரியூற்றரி வாசலில்.
பிழையில்லை, சேராதுதான்.
ஆனாலும் முப்பத்தாறு காலை
பருத்தித்துறையிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்சையும்
செக்கனோடு பிடித்து வைத்தேன்.

சிவப்புச் சீரீபிக்குப் பின்னால்
வால் பிடித்தபடி மினிபஸ்.
இரண்டுக்கும் இடையில் இரண்டே நிமிடம்.
பிறகு முப்பத்தெட்டு நிமிடம்
றோட்டு சும்மா கிடக்கும்,
நடுவில் ஒரு நாய் படுத்துக் கொட்டாவி விடும் அளவுக்கு.

இரண்டும் முப்பத்தெட்டும் நாற்பது.
சராசரி இடைவெளி இருபது.
ஆகவே எழுமாறாக வந்து நிற்பவர்
பத்து நிமிடம் காத்திருப்பார்.
கருதுகோள் அப்படித்தான் எழுதினேன்.
வந்தது பதினெட்டு.

திருப்பிச் செய்தேன், பதினெட்டு.
டிலானியின் கல்குலேற்றரில் செய்தேன், பதினெட்டு.
கரண்ட் போன ஒரு இரவு
போன் வெளிச்சத்தில் வரைபுத் தாளைப் பார்த்தபடி இருக்க
விளங்கியது.
நீள இடைவெளிக்கு வாய் பெரிது.
இருபது பேர் வந்தால் பத்தொன்பது பேர்
அதற்குள்தான் விழுகிறார்கள்.
மிச்சம் ஒருவரைத்தான்
ஊர் அதிர்ஷ்டக்காரர் என்கிறது.
அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.
அம்மா நித்திரை. சொல்ல ஆளில்லை.
நுளம்புத்திரிக்குச் சொன்னேன்.

பிறகுதான் தவமலரக்கா.
முதல் நாளிலிருந்தே பக்கத்தில் நின்றவதான்,
சாக்குக்குள் இரண்டு இதரைக் குலை, பெரியகடைக்கு.
அவவைக் கண்டால் மினிபஸ் வேகம் கூட்டும்.
குலை ஒரு ஆளின் இடத்தைத் தின்னும், ரிக்கற் எடுக்காது.
சீசன் ரிக்கற்றோடு நிற்கிற
வெள்ளைச் சட்டை எங்களைக் கண்டாலும் அதே வேகம்.
கண்ணுக்கு முன்னால் தினமும் நடந்ததை
"வந்தது 6.14" என்று
அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.
வந்தது, உண்மை.
யாருக்கு நின்றது?
அதற்கு என்னிடம் நிரல் இல்லை.

முப்பத்தாறு காலையும் குப்பையோ மிஸ்?
அவ கட்டுக் கொப்பிகளோடு படியேறிக்கொண்டே
"உன்ர ஆய்வு, நீதான் சொல்லவேணும்" என்றா.
கோபம் வந்தது. மத்தியானச் சோறு இறங்கவில்லை.
திங்கட்கிழமை புதுக் கொப்பி வாங்கி
அடிமட்டம் வைத்து ஒரு நிரல் கூடக் கீறினேன்.

தவமலரக்கா எட்டிப் பார்த்தா.
"என்ர குலையையும் எழுதினனியோ?"
"ஓம், ரெண்டெண்டு."
"அப்ப இண்டைக்கு எத்தினை மணிக்கு வருமாம்
உன்ர கொப்பியில?"
"தெரியாதக்கா.
ஆனா எவ்வளவு தெரியாதெண்டு தெரியும்."

அவ சிரித்த சிரிப்பில்
மடியில் சாத்தியிருந்த சாக்கு சரிந்தது.
நிமிர்த்தி வைக்கவும்
சிறுப்பிட்டிப் பக்கம் ஹோர்ன் கேட்டது.
இரண்டு பேரும் கை நீட்டினோம்.

வந்தது: 6.31.
தூசி அடங்க முன்னம்
அடுத்த கட்டத்தில் பேனையை வைத்தேன்.