மீட்கப்பட்டது

செட்டியார் தெருவில் எனக்கு வேலை,
அடகுக்கடைக் கம்பிக் கூண்டுக்குப் பின்னால்.
பத்தொன்பது வருடமாக
ஒரே நாற்காலி, ஒரே தராசு,
'மீட்கப்பட்டது' என்று ஊதா மையில் விழும்
ஒரே முத்திரை.
ஞாயிறு ஆராதனையில் போதகர் இதே சொல்லைச் சொல்லும்போதெல்லாம்
எனக்கு மை மணக்கும்.

முகத்துவாரத்து மெற்றில்டாவின் காப்பு இரண்டும்
மாசியிலேயே மீண்டுவிட்டன.
யாரோ ஒருவர் வந்தார்.
முதலும் வட்டியும் எண்ணி வைத்தார்.
பேனையை எடுத்தேன்.
"பேர் வேணாம். முடிஞ்சுது எண்டு மட்டும் சொல்லுங்க."
படியிறங்கிப் போனார்.
கதிரேசன் கோயில் மணியும் ஓட்டோ ஹோர்னும்
அவர் போன திசையை மூடிவிட்டன.

பங்குனியில் அவள் வந்தாள்,
கைக்குட்டை முடிச்சில் அந்த மாத வட்டியோடு.
கடன் இல்லை என்றேன். பேரேட்டைத் திருப்பி முத்திரையைக் காட்டினேன்.
"சும்மா யாரு சேர் குடுப்பா?
பொறகு வாசல்ல வந்து நிப்பான்."
சீட்டைச் சட்டைக்குள் திரும்பச் செருகினாள்.
காசை மேசையில் வைத்துவிட்டு
மட்டக்குளி பஸ்ஸுக்கு ஓடினாள்.

சித்திரை. வைகாசி. ஆனி.
மீன்செதில் ஒட்டிய நோட்டுகள்.
உறையில் போட்டு அவள் பெயர் எழுதி வைத்தேன்.
நாலாவது உறையைப் பார்த்து முதலாளி சிரித்தார்:
"இல்லாத கடனுக்கு வட்டி கட்டுற மனுசியை
இப்பதான் பார்க்கிறன்."

நான் சிரிக்கவில்லை.
என் கைப்பையில் ஒரு கொப்பி இருக்கிறது.
இரத்தம் கொடுத்தது பதினொரு தரம்.
சனிக்கிழமைகளில் மகரகம ஆஸ்பத்திரி, கஞ்சிப் போத்தலோடு.
கொலன்னாவை வெள்ளத்தில் நாற்பது றாத்தல் பாண்.
அண்ணன் செத்த வீட்டுக்கும் போகாத என் வீம்புக்கு
எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு வைத்தால் சரிவரும் என்று
கூட்டிக் கூட்டி அழித்த இடத்தில்
தாள் மெலிந்து அடுத்த பக்கம் தெரிகிறது.
கிருபை என்று பாடுவேன். குரல் நல்லதென்பார்கள்.
வீட்டுக்கு வந்து மறுபடி கூட்டுவேன்.

ஆடியில் கடல் கொதித்தது. வள்ளங்கள் கரையில்.
மெற்றில்டா வந்தாள், முடிச்சில்லாமல்.
இரண்டு பேர் அடகு வைத்துப் போகும்வரை
சுவரோரம் நின்றாள்.
"இந்த மாசம் ஒண்டுமில்ல சேர்.
ஏலத்தில போட்டுறாதீங்க."
அழவில்லை. கையைக் காட்டினாள்.
உப்பில் வெடித்த கை. வேறொன்றும் இல்லை.

காப்பைக் கம்பிக்குக் கீழால் தள்ளினேன்.
நாலு உறைகளையும் தள்ளினேன்.
அவள் முத்திரையைப் பார்க்கவில்லை.
யாருடைய முகத்தையோ தேடுகிறவள் போலத்
தெருவைத்தான் பார்த்தாள்.
"மெய்யாவா?"
"மெய்தான்."
முதலில் காப்பு ஏறவில்லை.
பயத்தில் விரல்களை இறுக்கி வைத்திருந்தாள்.
பொத்திய கையில் காப்பு ஏறாது,
இந்தத் தெருவில் எந்தப் பொடியனுக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் எடுத்தது.
பிறகு விரல்கள் தளர்ந்தன,
வழுக்கிப் போய் மணிக்கட்டில் நின்றது பொன்.

ஆவணியில் ஒரு பொதியோடு வந்தாள்.
பொரித்த சாளை, வாழையிலையில், சூடு ஆறாமல்.
"வட்டியா?" என்றேன்.
"சீ! சந்தோசம்."
முதலாளி மரக்கறிக்காரர். முழுவதும் எனக்கே.

அன்றிரவு எண்ணெய் விரலோடு கொப்பியைத் திறந்தேன்.
பழக்கம்.
'மெற்றில்டா' என்று எழுதியும் விட்டேன்.
எந்தப் பக்கத்தில் வைப்பது,
நான் கொடுத்ததா, வாங்கியதா
என்று தெரியவில்லை.
எண்ணெய்க் கறை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது
பதினொன்றின் மேலும் நாற்பதின் மேலும்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
பென்சிலைப் பொத்திய கையோடு.